மேற்படி, மேற்படி

அந்த நூலகத்தில் அவளை எல்லாரும் குண்டூசி என்றுதான் கூப்பிடுவார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒல்லியாக, விறைப்பாக, உச்சந்தலையில் உருண்டையாக ஒரு கொண்டையோடு வந்து நின்றவளைப் பார்த்து வாசல் காவலர் வைத்த பெயர் அது. முப்பத்துமூன்று வருஷத்தில் கொண்டை நரைத்துவிட்டது, உடம்பும் இரண்டு சுற்றுப் பெருத்துவிட்டது, பெயர் வைத்தவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். பெயர் மட்டும் போகிற வழியாக இல்லை. இளையவர்கள் மரியாதைக்கு ஓர் ‘அக்கா’ சேர்த்துக்கொள்வார்கள்.

அரிய நூல்களின் நூலகம் என்றதும் வெளியாட்களுக்குப் புத்தகம்தான் ஞாபகம் வரும். முன்கூடத்தில் கண்ணாடிக்குள் தோல் அட்டை போட்ட பழைய புத்தகங்கள் இருக்கத்தான் இருந்தன. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையாக வந்து பார்த்து, கொட்டாவி விட்டுவிட்டுப் போவார்கள். குண்டூசியின் ராஜ்ஜியம் அதற்குப் பின்னால், ஜன்னல் ஓரமாக நீளமேசை போட்ட அறை. ஊரில் கொஞ்சம் பேர் எடுத்தவர் யாராவது கண்ணை மூடினால், வீட்டைக் காலி செய்கிற பிள்ளைகள் எங்கே போடுவது என்று தெரியாமல் டிரங்குப் பெட்டியோடு கொண்டுவந்து இறக்குகிற காகிதமெல்லாம் அங்கேதான் வரும். கடிதம், டைரி, அலுவலக நகல், மருந்துச் சீட்டு, யாரோ ஒரு பிள்ளையின் மதிப்பெண் அட்டை, எல்லாம்.

அவள் வேலை, தூசி தட்டி, மடிப்பைப் பிரித்து, துருப்பிடித்த குண்டூசிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, காகிதத்தை அட்டை உறையில் போட்டு, பென்சிலால் எண் எழுதி, பட்டியல் தயாரிப்பது. துரு காகிதத்தைத் தின்றுவிடும். அதனால் ஊசி ஒன்றுகூட உள்ளே தங்கக் கூடாது. பிடுங்கிய ஊசிகளைத் தூக்கிப் போட மனசு வராமல் ஜாம் பாட்டிலில் போட்டுவைப்பாள். ஜன்னலில் அப்படி மூன்று பாட்டில்கள் நின்றன. பெயர் பொருந்திப் போயிற்று என்பதில் அவளுக்கே சந்தேகம் இல்லை.

ஓய்வு பெற இரண்டு மாதம் இருந்தது. அந்தக் கடைசி நாட்களில் அவளுக்கு எதைத் தொட்டாலும் பழசு கிளம்பியது. அலமாரிகளுக்கு நடுவே சும்மா ஒரு நடை போவாள். கடல் ஒத்துக்கொள்ளாமல் வாந்தி எடுத்துக்கொண்டே இருபது வருஷம் கப்பலில் வேலை பார்த்த டாக்டர் இந்தப் பெட்டி. தீர்ப்பு எழுதிய அதே கையெழுத்தில், அதே நடையில் காதல் கடிதமும் எழுதிய நீதிபதி அந்தப் பெட்டி. தட்டச்சு இயந்திரத்தின் சத்தம், அட்டை இழுப்பறைகளின் வாசனை, மதியம் மூன்று மணிக்கு மேசையில் விழுகிற வெயில், எதையும் விட்டுப் போக மனசில்லை. சொந்த வீட்டு மனிதர்களைவிட இந்தப் பெட்டிக்காரர்களோடுதான் அதிக நாள் இருந்திருக்கிறோம் என்று நினைத்துக்கொள்வாள்.

அந்தச் சமயத்தில்தான், ஒரு திங்கட்கிழமை, இன்ஜினியர் மகள் வந்தார்.

எழுபது வயது. தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். அவரைப் பார்த்ததும் இப்போதைய காவலர் சட்டைப் பொத்தானைச் சரி செய்துகொண்டார், அப்படிப்பட்ட முகம்.

“பேனாவை அங்க வச்சிட்டு வாங்கம்மா. உள்ள பென்சில் மட்டும்தான்” என்றாள் குண்டூசி.

“நான் எழுத வரலை. எடுத்துட்டுப் போக வந்திருக்கேன்” என்றார் அவர். “குடிநீர் இலாகா இன்ஜினியரோட காகிதம் இங்க இருக்கில்ல? நான்தான் குடுத்தேன். அவர் மக.”

“தெரியும்மா. ரெண்டு டிரங்குப் பெட்டி. நான்தான் பிரிச்சு அடுக்கினேன்.”

“அதுல எங்கம்மா எழுதின சீட்டெல்லாம் எனக்குத் திரும்ப வேணும்.”

கைப்பையிலிருந்து ஒரு பத்திரிகையை எடுத்து மேசையில் போட்டார். ‘பதில் வராத சீட்டுகள்’ என்று தலைப்பு. போன வருஷம் இதே மேசையில் உட்கார்ந்து படித்துவிட்டுப் போன ஆராய்ச்சி மாணவி எழுதியது. இன்ஜினியர் மாலையில் கோப்போடு வீட்டுக்கு வருவார், கோப்போடு சாப்பிடுவார், வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடுமோ என்பதுபோல் இருப்பார். பேசிப் பார்த்து அலுத்துப்போன மனைவி, சொல்ல வேண்டியதைத் துண்டுச்சீட்டில் எழுதி அவர் கோப்பில் குத்திவைக்க ஆரம்பித்தார். அப்படி நூற்றுப்பன்னிரண்டு சீட்டுகள். ஒன்றுக்கும் பதில் இல்லை. ‘டாக்டர் நாளைக்கு வரச் சொல்லியிருக்கார். தனியாப் போகப் பயமா இருக்கு’ என்ற சீட்டைப் பத்திரிகைக்காரர்கள் பெரிதாகப் படம் பிடித்துப் போட்டிருந்தார்கள்.

“பக்கத்து வீட்டுக்காரி வந்து என் கையைப் பிடிச்சிட்டு, ‘பாவம் உங்கம்மா’ங்கறா. எங்கம்மா யார்கிட்டயும் பாவம்னு பேர் வாங்கினவங்க இல்ல.” தலைமை ஆசிரியையின் குரல் கொஞ்சம் இடறியது. “அந்த மனுஷன் அப்படித்தான். அம்மாவுக்கு முடியலைங்கறதைக்கூட எனக்குச் சொல்லலை. நான் விடுதியில இருந்து படிச்சிட்டிருந்தேன். பரீட்சை முடிஞ்சு வந்தா, நேரா ஆஸ்பத்திரிக்கு வான்னாங்க. நாலே நாள். அதுக்கப்புறம் அவரோட நான் முகம் குடுத்துப் பேசினதே இல்ல. சரி, அது எங்க வீட்டு விஷயம். ஊரே உக்காந்து படிக்கணுமா? எடுத்துட்டுப் போய் எரிச்சிடறேன்.”

குண்டூசியால் மறுக்க முடியாது. காகிதம் கொடுத்தபோதே போட்ட ஒப்பந்தம் இருக்கிறது. அலுவல் காகிதம் நூலகத்துக்கே சொந்தம். சொந்தக் காகிதத்தைக் குடும்பத்தார் எப்போது கேட்டாலும் திருப்பித் தரவேண்டும். வெள்ளிக்கிழமை வந்து படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு எடுத்துப்போகலாம் என்று சொல்லி அனுப்பினாள்.

திருப்பிக் கொடுக்குமுன் பட்டியலோடு ஒத்துப் பார்க்க வேண்டும். மதியம் அந்தப் பெட்டியை இறக்கினாள். மூடியைத் திறந்ததும் பழைய டிரங்கின் பாச்சை உருண்டை வாசனை இன்னும் லேசாக இருந்தது. முதல் சீட்டை எடுத்தாள். ‘சமையலறைக் குழாய் ஒழுகுது. ஊருக்கெல்லாம் தண்ணி குடுக்கறவர் வீட்டுல நான் வாளி வச்சிட்டு உக்காந்திருக்கேன்.’ குண்டூசி சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது.

வாஷர்.

இத்தனை பெரிய இன்ஜினியர் போயும் போயும் ஒரு வாஷரைப் பற்றிக் குறிப்பு எழுதியிருக்கிறாரே என்று, வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம் அவள் வியந்தது ஞாபகம் வந்தது. அது இந்தப் பெட்டியில் இல்லை. அலுவல் பெட்டியில், ஏதோ நீரேற்று நிலையத்தைப் பற்றிய அலுவலகக் கடித வரைவு ஒன்றின் பின்பக்கத்தில், பென்சிலில் இருந்தது.

அவள் சீட்டை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். மேல் ஓரத்தில் இரண்டு ஓட்டை, சுற்றிலும் பழுப்புத் துருக்கறை. அடுத்த சீட்டிலும் இரண்டு ஓட்டை, கொஞ்சம் தள்ளி. அந்த ஊசிகளைப் பிடுங்கியது அவள் கைதான்.

அந்த நாள் அப்படியே திரும்பி வந்தது. அப்போது பிரிவுக்குத் தலைவராக இருந்தவரைப் பெரிய ஐயா என்பார்கள். “அலுவல் தனி, சொந்தம் தனி. ரெண்டையும் கலக்கறது அவங்கவங்க வீட்டுல இருக்கட்டும், இங்க வேணாம்” என்று சொல்லிவைத்திருந்தார். ஒவ்வொரு வரைவின் மேலும் ஒரு சீட்டு குத்தியிருந்தது. ஊசியைப் பிடுங்கு, சீட்டை இடப்பக்கம் வை, வரைவை வலப்பக்கம் வை. அன்று முழுக்க அதுதான். பட்டியல் எழுதும்போது முதல் முப்பது வரைவுகளைத் திருப்பிப் பார்த்து எழுதினாள். பெரிய ஐயா வாசலில் நின்று செருமினார், மாத முடிவுக்குள் பட்டியல் வேண்டும். முப்பத்தொன்றிலிருந்து திருப்பவில்லை. ‘பின்பக்கம் பென்சில் குறிப்புகள்’ என்று ஒருமுறை எழுதி, அதன் கீழே ‘மேற்படி’ என்று போட்டாள். அதன் கீழே மேற்படி. மூன்று பக்கத்துக்கு மேற்படி.

அதற்குப் பிறகு யாரும் கண்டுபிடிக்க வழியும் இல்லை. படிக்கும் கூடத்தில் ஒரு மேசைக்கு ஒரே நேரத்தில் ஒரு பெட்டிதான் தருவார்கள். காகிதம் கலந்துவிடக் கூடாது என்பதற்கான விதி. கேள்வி ஒரு பெட்டியிலும் பதில் ஒரு பெட்டியிலுமாக, முப்பத்திரண்டு வருஷம் பக்கத்துப் பக்கத்து அலமாரியில் இருந்திருக்கின்றன.

அன்று மாலை சாப்பிடும்போது கணவரிடம் சொன்னாள். அவர் தையற்காரர், கழுத்தில் அளவு நாடா இல்லாமல் அவரைப் பார்ப்பது அபூர்வம்.

“ஒரு தப்பு பண்ணிட்டேங்க.”

“இன்னிக்கா?”

“முப்பத்திரண்டு வருஷத்துக்கு முன்னாடி.”

“அப்பாடா. நான்கூட சாப்பாட்டுல ஏதோன்னு பயந்துட்டேன்.” முழுக் கதையையும் கேட்டபிறகு தட்டைத் தள்ளி வைத்தார். “இன்னும் ரெண்டு மாசம். நல்ல பேரோட வெளிய வரப்போறே. இப்பப் போய் வாயைக் குடுத்து மாட்டிக்கணுமா? அந்தம்மா எடுத்துட்டுப் போறாங்க, எரிக்கறாங்க. அதோட முடிஞ்சுது.”

“நீங்க ஒருத்தருக்குச் சட்டை தைச்சீங்கன்னு வைங்க. ரெண்டு பக்கமும் இடது கையையே வச்சுத் தைச்சிட்டீங்க. அவர் பாட்டுக்கு, தன் கைதான் கோணல்னு நினைச்சுட்டு முப்பது வருஷமாப் போட்டுட்டிருக்கார். சொல்ல மாட்டீங்களா?”

“நான் அப்படித் தைக்க மாட்டேன்” என்றார் ரோஷத்தோடு. கை கழுவப் போனவர் பாதி வழியில் திரும்பி நின்றார். “சொல்லிடுவேன்” என்றார்.

மறுநாள் காலை இப்போதைய பிரிவுத் தலைவியிடம் போனாள். குண்டூசியைவிட இருபது வயது சின்னவர். எல்லாரும் மேடம் என்பார்கள். இரண்டு பெட்டியையும் ஒரே மேசையில் திறக்க அனுமதி வேண்டும் என்று கேட்டாள். மேடம் பழைய பட்டியலைப் புரட்டினார். கடைசிப் பக்கத்தில் தயாரித்தவர் என்று குண்டூசியின் பெயரும் கையெழுத்தும் இருந்தன.

“அக்கா, இது வெளிய தெரிஞ்சா உங்க பேர்தான் அடிபடும். யோசிச்சீங்களா?”

“என் பேர் இருக்கறதாலதான் கேக்கறேன் மேடம்.”

மேடம் பட்டியலை மூடிவிட்டுச் சாவியைக் கொடுத்தார்.

செவ்வாய், புதன், வியாழன். ஒவ்வொரு சீட்டையும் வரைவின்மேல் வைத்து, வெளிச்சத்தில் தூக்கி, ஓட்டையோடு ஓட்டை, கறையோடு கறை பொருந்துகிறதா என்று பார்த்தாள். கண் எரிந்தது, கழுத்து பிடித்துக்கொண்டது. சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை. நூற்றுநான்கு சீட்டுக்கு ஜோடி கிடைத்தது. எட்டுக்குக் கிடைக்கவில்லை. அந்த எட்டுக்கும் பதிலே எழுதவில்லையோ, எழுதியது எங்காவது தொலைந்ததோ, யாருக்குத் தெரியும்?

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு இன்ஜினியர் மகள் வந்தார். பேனாவைத் தானே முகப்பில் வைத்துவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார். படிவம் மேசையில் இருந்தது. அதன் பக்கத்தில் இரண்டு பெட்டிகள் இருந்தன. மேடம் கொஞ்சம் தள்ளி ஒரு நாற்காலியில் இருந்தார்.

“முதல்ல ஒண்ணு சொல்லிடறேம்மா” என்றாள் குண்டூசி. “உங்கப்பா பதில் எழுதியிருக்கார். நான்தான் பிரிச்சிட்டேன்.”

ஊசியில் தொடங்கி மேற்படி வரைக்கும் ஒன்றுவிடாமல் சொன்னாள். இன்ஜினியர் மகளின் முகம் கல்லாகிவிட்டது. “குடுங்க” என்று கையை நீட்டினார்.

குழாய்ச் சீட்டையும் அதன் வரைவையும் எடுத்து வைத்தாள். பின்பக்கத்தில், அலுவலகக் குறிப்புக்கு எழுதுகிற அதே கோடு போட்டாற்போன்ற கையெழுத்து: ‘1. இடம் பார்வையிடப்பட்டது. 2. கசிவு உண்மை. 3. வாஷர் தேய்ந்துள்ளது. ஞாயிறு மாற்றப்படும்.’ கீழே தேதி, சுருக்கொப்பம்.

அடுத்தது. ‘நேத்து சாப்பாட்டுல உப்பு கூடிப்போச்சு. ஒண்ணும் சொல்லாம எந்திரிச்சுப் போறீங்க.’ பதில்: ‘வரம்புக்குள் இருந்தது. புகார் இல்லை.’

அடுத்தது. ‘ஜன்னல் திரைக்குப் பச்சையா, நீலமா?’ பதில்: ‘நீலம் பரிந்துரைக்கப்படுகிறது.’

“இதை நான் பம்பு அறைக்குப் பூசற வண்ணம்னு பட்டியல்ல எழுதிட்டேன்” என்றாள் குண்டூசி. “ஒரு பேராசிரியர் அதை நம்பி அடிக்குறிப்புல போட்டிருக்கார்.”

இன்ஜினியர் மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தும் முடியவில்லை. “எங்க வீட்டுல நீலத் திரைதான்” என்றார். “கடைசி வரைக்கும் நீலம்தான். கிழிஞ்சப்புறமும் அவர் மாத்தலை.”

பிறகு சிரிப்பு இல்லை. பத்திரிகையில் வந்த டாக்டர் சீட்டு வந்தது. அதை வைத்த வரைவைத் தானே திருப்பினார். ‘1. விடுப்பு போட்டாயிற்று. 2. உடன் வருகிறேன். 3. பயம் எனக்கும் உண்டு.’

அவர் அந்த மூன்றாவது வரியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. மேடம் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார்.

கடைசி ஜோடியைக் கொடுக்கக் குண்டூசிக்குக் கை வரவில்லை. வியாழக்கிழமை அதைப் படித்துவிட்டு அவளே வெளியே போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டு வந்தாள். ஆனால் ஒருமுறை பிரித்து வைத்தது போதும் என்று கொடுத்தாள்.

அம்மாவின் கையெழுத்து அதில் இறங்கு முகமாக, வரி தவறிப் போயிருந்தது. ‘அவளுக்கு இப்பச் சொல்ல வேணாம். பரீட்சை முடியட்டும். ஆனா அவளைப் பாக்கணும் போல இருக்கு.’

பின்பக்கத்தில் இருந்தது இந்த முறை எண் போட்ட குறிப்பு இல்லை. ‘இன்று விடுதிக்குப் போனேன். வாசலில் தோழிகளோடு நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். கூப்பிட்டால் சிரிப்பு நின்றுவிடும். கூப்பிடவில்லை. நன்றாக இருக்கிறாள். அவள் எப்படிச் சிரித்தாள் என்று உனக்கு எழுதத்தான் தெரியவில்லை.’

இன்ஜினியர் மகள் தேதியை விரலால் தொட்டுப் பார்த்தார்.

“அன்னிக்கு எதுக்குச் சிரிச்சேன்னுகூட ஞாபகம் இல்லையே” என்றார். அப்புறம் அழுதார். எழுபது வயதுத் தலைமை ஆசிரியை, யாரைப் பற்றியும் கவலைப்படாமல் வாய்விட்டு அழுதார். கண்ணீர் காகிதத்தில் விழுந்துவிடாமல் குண்டூசி மெல்ல அதை நகர்த்தி வைத்தாள், கை பழக்கம்.

“என்னைத் திட்டிடுங்கம்மா” என்றாள். “முப்பதோட நிறுத்தாம திருப்பிப் பாத்திருந்தா எனக்கு அன்னிக்கே தெரிஞ்சிருக்கும்.”

“திட்டத்தான் நினைச்சேன்.” அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டார். “நீங்க பிரிச்சீங்க. நான் பெட்டியைத் திறந்துகூடப் பாக்கலை. அவர் போய்ப் பத்தாம் நாள், பூட்டுப் போட்டபடியே வண்டியில ஏத்தி அனுப்பினேன். அப்ப ஊசியெல்லாம் அதுலயே இருந்திருக்கும் இல்ல?”

“இருந்துச்சும்மா.”

அவர் தலையை ஆட்டினார். ஜன்னலில் இருந்த ஜாம் பாட்டில்களையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு படிவத்தைத் தன் பக்கம் இழுத்தார். எடுத்துப்போகத்தான் போகிறார் என்று நினைத்தாள் குண்டூசி. படிவத்தில் மையால்தான் கையெழுத்துப் போடவேண்டும். முகப்பில் போய்ப் பேனாவை எடுத்து வரட்டுமா என்று கேட்க வாயெடுத்தாள்.

“பென்சில் இருந்தா குடுங்க” என்றார் இன்ஜினியர் மகள்.

கொண்டையில் செருகியிருந்த பென்சிலை உருவிக் கொடுத்தாள். அவர் படிவத்தைக் குப்புறத் திருப்பிப்போட்டு, நிறுத்தி நிதானமாக எழுதினார். எழுதி முடித்து, தேதி போட்டு, அப்பாவைப்போலவே சுருக்கொப்பம் வைத்துவிட்டு எழுந்தார். வாசல்வரை போனவர் திரும்பி வந்து, மறந்துபோய்க் கையிலேயே வைத்திருந்த பென்சிலைக் கொடுத்துவிட்டுப் போனார்.

மீதி இருந்த நாட்களில் குண்டூசி அந்தப் பட்டியலை முதலிலிருந்து எழுதினாள். தன் பெயரைப் போட்டு, தான் செய்த தவறையும் முன்பக்கத்திலேயே எழுதினாள். சீட்டும் வரைவுமாக ஒவ்வொரு ஜோடியையும் ஒரே உறையில் வைத்து, முன்பக்கம் என்ன, பின்பக்கம் என்ன என்று தனித்தனியாக விவரித்தாள். ஜோடி இல்லாத எட்டையும் எட்டு வரியில் எழுதினாள். நூற்றுப்பன்னிரண்டு பதிவிலும் ஒரு மேற்படிகூட இல்லை.

வேலையின் கடைசி நாள் காலையில் நூற்றுப்பதின்மூன்றாவது பதிவைச் சேர்த்தாள். அவள் எழுதிய கடைசிப் பதிவு அதுதான். திரும்பப் பெறும் படிவம், முன்பக்கம் நிரப்பப்படவில்லை. பின்பக்கம் பென்சில் குறிப்பு, மகள் எழுதியது: ‘1. பார்வையிட்டேன். 2. இரண்டும் சேர்ந்தே இருக்கட்டும். 3. அன்று நானும் திரும்பிப் பார்க்கவில்லை, அப்பா.’